இறங்காத நீர்: கொடைக்கானல் ஏரியும் நம் ஓய்வின் வரலாறும்

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு சாலை செல்கிறது. விடுமுறை நாளொன்றில் அச்சாலையில் நிகழ்வனவற்றைப் பட்டியலிட்டால், நம் காலத்துக் குடும்ப இன்பங்களின் சிறு கலைக்களஞ்சியம் ஒன்று கிடைத்துவிடும். வாடகை மிதிவண்டியில் சுற்றிவரும் இளைஞர்கள், மட்டக்குதிரையின்மேல் அச்சமும் பெருமிதமும் கலந்து அமர்ந்திருக்கும் குழந்தைகள், சுட்ட சோளக்கதிரைக் கடித்தபடி நடக்கும் புதுமணத் தம்பதியர், கம்பளிக் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு திட்டுச்சுவரில் அமர்ந்துவிட்ட பெரியவர்கள், நீரின்மேல் துடுப்புப் படகுகள், மிதிபடகுகள், அவற்றிலிருந்து எழும் சிரிப்பொலி. ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்பில், நட்சத்திர வடிவம் என்று சுற்றுலாக் கையேடுகள் வருணிக்கும் அந்நீர்ப்பரப்பு இத்தனை பேரையும் ஒருசேர மகிழ்விக்கிறது.

இவ்வளவும் செய்யும் மக்கள் ஒன்றை மட்டும் செய்வதில்லை. அந்நீரில் அவர்கள் இறங்குவதில்லை. குளிர்தான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் மார்கழி விடியலில் குளத்துப் படிக்கட்டில் இறங்கிப் பழகிய சமூகம் நம்முடையது. குற்றாலத்தில் நடுங்கிக்கொண்டே அருவிக்கடியில் நிற்பவர்களும் நாமே. ஆழமும் பாதுகாப்பும் காரணங்கள்தாம் என்றாலும், அவற்றுக்கும் அடியில் வேறொரு காரணம் இருக்கிறது. அந்த ஏரி பார்ப்பதற்கென்றே உண்டாக்கப்பட்டது. தண்ணீரைக் கண்ணால் மட்டும் அனுபவிக்கும் ஒரு பழக்கம் அதனோடு சேர்ந்து மலையேறி வந்தது. அப்பழக்கம் எங்கிருந்து வந்தது, யார் தோளில் ஏறி வந்தது, அதற்கு ஏரி கொடுத்த விலை என்ன என்பவற்றைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

மலையும் நீரும் விளையாட்டும் தமிழுக்குப் புதியன அல்ல. குறிஞ்சித் திணையின் கருப்பொருள்களில் அருவியும் சுனையும் நீர்நிலைகளாக வைத்து எண்ணப்படுவதை இலக்கணம் பயின்றோர் அறிவர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கச் சென்ற தலைவியும் தோழியும் அருவியில் ஆடுகின்றனர், சுனையில் குடைந்து நீராடுகின்றனர், பின் மலையெங்கும் திரிந்து பூப்பறித்துப் பாறைமேல் குவிக்கின்றனர். அப்பூக்களின் நீண்ட பட்டியலுக்காகவே அப்பாட்டு பெரிதும் பேசப்படுவதுண்டு. நாம் இங்குக் கவனிக்க வேண்டியது அந்த விளையாட்டு நிகழும் சூழலை. அவர்கள் ஓய்வெடுக்க மலைக்கு வந்தவர்கள் அல்லர். கிளி ஓட்டும் வேலைக்கு வந்தவர்கள். வேலைக்கும் விளையாட்டுக்கும் நடுவே வேலியில்லை. அச்சுனை அவர்கள் நாளும் புழங்கும் இடத்தைச் சேர்ந்தது. அதன் குளிர்ச்சியை உடம்பு அறியும்.

சமவெளியில் இவ்வின்பத்தின் பேருருவைப் பரிபாடலில் காண்கிறோம். இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கும் 22 பாடல்களில் 8 பாடல்கள் வையையைப் பற்றியவை. புதுப்புனல் வருகிறது என்ற செய்தி கேட்டு மதுரை நகரமே கரைக்குத் திரள்கிறது. யானையிலும் குதிரையிலும் ஏறி வருகின்றனர். பூசுவனவும் சூடுவனவும் உண்பனவும் எடுத்து வருகின்றனர். நீரில் பாய்கின்றனர், ஊடுகின்றனர், கூடுகின்றனர். நம் இலக்கியத்தில் பெருந்திரளின் பொழுதுபோக்கு என்ற ஒன்று இவ்வளவு விரிவாகப் பதிவான இடம் வேறில்லை எனலாம்.

அந்நூலைச் சார்ந்த திரட்டுப் பகுதியில் ஒரு சுவையான செய்தி உண்டு. ஆட வந்தவர்களின் கள்ளும் நறுமணப் பொருள்களும் ஆற்றோடு கலந்துவிட, அதைக் கண்ட பார்ப்பார் அந்நீரில் படிவதைத் தவிர்க்கின்றனர். வகுப்பறையில் இவ்விடத்தை நகைச்சுவையாகக் கடந்துபோவதே நம் வழக்கம். நீர் மாசுபட்டது என்பதை அதில் இறங்குபவனே முதலில் அறிகிறான் என்ற எளிய உண்மையும் அதனுள் இருக்கிறது. நிறம் மாறிற்றா, மணம் மாறிற்றா, வழுவழுப்பாக இருக்கிறதா என்பதை உடம்பு சொல்லிவிடும். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம். பின்னால் இது தேவைப்படும்.

வையையைப் பற்றிய இப்பேச்சு கொடைக்கானலுக்குத் தொடர்பற்றதும் அன்று. பழனி மலைத்தொடரின் தென்சரிவில் பிறக்கும் வராக நதியும் மஞ்சளாறும் வையையில் சென்று சேர்பவை. பரிபாடல் பாடிய புதுப்புனலில் இம்மலையில் பெய்த மழையும் இருந்தது. மலைத்தொடரின் வடபுறத்துப் பழனியே சங்க இலக்கியத்துப் பொதினி. புறநானூற்றில் கடிய நெடுவேட்டுவன் என்ற தலைவனுக்குரியதாகச் சொல்லப்படும் கோடைமலை இன்றைய கொடைக்கானல் மலையே என்று கொள்ளும் அறிஞரும் உண்டு. ஆள் நடமாட்டமே இல்லாத காட்டை வெள்ளையர் கண்டெடுத்தனர் என்று மலைவாழிடங்களைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை இங்குப் பொருந்தாது. பளியரும் புலையரும் அம்மலையின் காடுகளை அறிந்து வாழ்ந்தவர்கள். பூம்பாறை, வில்பட்டி, மன்னவனூர் போன்ற ஊர்களில் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி நீர் தேக்கி வேளாண்மை செய்த மக்கள் இருந்தனர். மலையில் நீரைத் தேக்கும் அறிவு அவர்களுக்கு ஏற்கெனவே கைவந்திருந்தது. அவர்கள் தேக்கியது பயிருக்காக.

*

அப்படியானால் பார்ப்பதற்காக நீரைத் தேக்கும் எண்ணம் எங்கே தோன்றியது?

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள ஏரி மாவட்டத்தை நாம் ஆங்கில இலக்கியத்தின் வழியாகவே பெரும்பாலும் அறிந்திருக்கிறோம். மலைகளுக்கு நடுவே கிடக்கும் ஏரியைக் காண்பதற்கென்றே பயணம் செய்யும் வழக்கம் அங்கே 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வேரூன்றியது. வேர்ட்ஸ்வொர்த் அந்நிலத்தின் கவிஞர் மட்டுமல்லர். அதற்கு வழிகாட்டி நூலும் எழுதியவர். 1810இல் ஓவியத் தொகுதியொன்றின் முன்னுரையாக, பெயர் குறிப்பிடாமல் அவர் எழுதிய பகுதியே பின்னர் விரிந்து 1835ஆம் ஆண்டுப் பதிப்பாக நிலைபெற்றது. ஓர் ஏரியை எந்தத் திசையிலிருந்து, எந்த ஒளியில், எந்தப் பருவத்தில் நோக்க வேண்டும் என்று ஒரு தலைமுறைக்கே கற்பித்த நூல் அது.

அதே கவிஞர் 1844இல் விண்டர்மியர் ஏரிக்கு இருப்புப்பாதை வருவதைக் கடுமையாக எதிர்த்துப் பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். தொழில் நகரங்களின் உழைப்பாளர்கள் கூட்டமாக வந்து இறங்கினால் அந்த இடத்தின் அமைதி கெடும் என்பதும், இயற்கையை நுகரும் ரசனை படிப்படியாகப் பழகி வர வேண்டியது என்பதும் அவருடைய வாதங்கள். மலை ஏரியைப் பற்றிய வழிபாடும், அங்கே வரும் கூட்டத்தைப் பற்றிய அச்சமும் ஒரே மனிதரிடம் குடிகொண்டிருந்தன. இவ்விரண்டும் சேர்ந்தே பின்னர் நம் மலைகளுக்கும் வந்தன.

இந்தியாவில் பணிபுரிய வந்த ஆங்கிலேயர் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி மலை தேடியது மருத்துவக் காரணத்தால். ஆனால் மலைக்குச் சென்றதும் அவர்கள் தேடியது ஊரின் சாயலை. ஊரின் சாயலுக்கு ஓர் ஏரி வேண்டியிருந்தது. உதகமண்டலத்தில் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1823இல் தொடங்கி 1825இல் ஏரியை அமைத்தார். அதற்குப் பாசன நோக்கமும் சொல்லப்பட்டது. எனினும் அவ்வேரி விரைவிலேயே நகரத்தின் அழகுப் பொருளாயிற்று. இலங்கையில் நுவரெலியாவின் ஏரி 1873இல் ஆளுநர் கிரெகரியின் காலத்தில் உருவாகி அவர் பெயரையே தாங்கியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தது கொடைக்கானல் ஏரி.

*

பழனி மலையை 1821இல் லெப்டினன்ட் வார்டு என்ற படை அலுவலர் நில அளவை செய்தார். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் 1845இல் இரண்டு வீடுகளை எழுப்பியதிலிருந்து அங்கே ஐரோப்பியக் குடியிருப்பு தொடங்குகிறது. 1863இல் மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ், சதுப்பும் ஓடைகளுமாகக் கிடந்த பள்ளத்தாக்கின் குறுக்கே கரை எழுப்பி ஏரியை உருவாக்கினார். பெரும்பாலும் தம் சொந்தப் பணத்தைக்கொண்டே செய்தார் என்பது மரபாகச் சொல்லப்படுவது. 1867இல் பணி ஓய்வு பெற்றதும் அவர் அங்கேயே குடியேறினார்.

சென்னை மாகாணத்துக்கென 1858இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. ஏரி, கால்வாய், கரை ஆகியவற்றைப் பழுதுபார்க்க ஊரார் மரபாகக் கொடுத்துவந்த உழைப்பைக் கட்டாயமாக்கிய சட்டம் அது. குடிமராமத்து என்னும் சொல்லோடு அது இணைத்துப் பேசப்படும். சமவெளியில் ஓர் ஏரி என்றால் அதற்கு ஆயக்கட்டு உண்டு, மடை உண்டு, நீர்ப்பங்கீடு உண்டு, மடை திறக்கும் ஆள் உண்டு, கரை உடைந்தால் ஓடிவர வேண்டிய ஊர் உண்டு. அவ்வுறவு எல்லாச் சாதியாருக்கும் நியாயமாக இருந்ததில்லை என்பதையும், உழைத்தவர்க்கே நீர் மறுக்கப்பட்ட இடங்கள் பல என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் ஏரிக்கும் மனிதனுக்கும் இடையே ஒரு கணக்கு இருந்தது. அச்சட்டம் வந்து 5 ஆண்டுகளில் மலைமேல் தோன்றிய ஏரிக்கு ஆயக்கட்டு இல்லை, மடைக்காரர் இல்லை, பங்கீடு இல்லை. தமிழ் நிலத்தில் ஏரி என்ற பழஞ்சொல் முற்றிலும் புதிய ஒரு பொருளைச் சுமக்கத் தொடங்கிய இடங்களுள் அதுவும் ஒன்று.

மதுரை ஆட்சியருக்கு நீரின்மேல் மிதக்கும் அழகு தெரியாததன்று. திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் அமைத்த வண்டியூர்த் தெப்பக்குளம் அவர் ஆட்சி செய்த நகரிலேயே இருந்தது. தைப்பூசத்தன்று அதில் மிதப்பவர்கள் மீனாட்சியும் சொக்கரும். மக்கள் கரையில் நின்று வணங்குவர். மலை ஏரியில் மனிதர் தாமே மிதந்தனர். கடவுளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வாய்த்த உலாவை ஆளும் இனம் நாள்தோறும் மேற்கொண்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

ஏரியின் முதற்படகைத் தூத்துக்குடியிலிருந்து லெவிஞ் வரவழைத்தார் என்று கொடைக்கானல் வரலாற்றைச் சொல்வோர் அனைவரும் குறிப்பிடுவர். அச்செய்தியை அவர்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டிய வரி அது. 1860களில் அம்மலைக்கு வண்டிச் சாலை கிடையாது. பெரியகுளத்துப் பக்கமிருந்து ஏறும் மலைப்பாதையில் குதிரை போகும், மனிதன் போவான், சக்கரம் போகாது. கடற்கரையில் கட்டிய ஒரு படகு ஏறத்தாழ 7,000 அடி உயரத்துக்கு ஏற வேண்டுமானால் மனிதத் தோளன்றி வேறு வழி இருந்திருக்க முடியாது. எத்தனை பேர், எத்தனை நாள், என்ன கூலி என்பவை அவ்வரலாறுகளில் இடம்பெறவில்லை. படகைக் கொண்டுவந்தவர் என்று லெவிஞ்சின் பெயரே நிற்கிறது.

படகு மட்டுமா? 1875இல் மதுரை வரை இருப்புப்பாதை வந்தபின்னும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் மலையடிவாரம் வந்து, அங்கிருந்து டோலியிலும் நாற்காலியிலும் அமர்ந்து மலையேறினர் துரைமாரும் துரைசாணிகளும் அவர்களுடைய குழந்தைகளும். பியானோ, அலமாரி, கண்ணாடிச் சாளரம் என்று ஒரு மலைநகருக்கு வேண்டிய அனைத்தும் அவ்வழியேதான் ஏறின. அதே 1875இல் மேஜர் லா திட்டமிட்ட மலைச்சாலை 1914ஆம் ஆண்டளவிலேயே முழுமை பெற்றது. ஏரி பிறந்து அரை நூற்றாண்டுக் காலம், அதன் கரையில் ஒருவர் இளைப்பாற வேண்டுமானால் வேறு சிலர் களைத்தாக வேண்டும் என்பதே விதியாக இருந்தது.

*

இதற்கிடையே இளைப்பாறுதலின் சாதனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. 1872இல் மலைவிளிம்பை ஒட்டிக் கோக்கர் நடைபாதை அமைந்தது. 1890இல் படகுக் குழாம் தோன்றியது. 1908இல் வன அலுவலர் பிரையண்ட் ஏரியின் கீழ்க்கரையையொட்டிப் பூங்கா அமைத்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. நடை, படகு, பூங்கா என்னும் மூன்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. மூன்றும் காட்சியை ஒழுங்குபடுத்துகின்றன. எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது, எவ்வழியே திரும்புவது என்பவை முன்கூட்டியே வகுக்கப்பட்டுவிட்டன. சுற்றியிருந்த புல்வெளிகளும் சோலைகளும்கூட இக்கண்ணுக்கு ஏற்ப மாறின. தைலமரமும் சீகை மரமும் பின்னர்ப் பைன் மரமும் நடப்பட்டன. இன்று பைன் மரங்களுக்கிடையே நின்று படமெடுத்துக்கொள்ளும் நாம் அதைத்தான் அம்மலையின் இயற்கை என்று எண்ணிக்கொள்கிறோம்.

படகுக் குழாம் தொடக்கத்தில் உறுப்பினர்க்கு மட்டுமே உரியது. உறுப்பினர் என்றால் யார் என்று விளக்க வேண்டியதில்லை. ஏரி தோன்றி 69 ஆண்டுகள் கழித்து, 1932இல்தான் தற்காலிக உறுப்பினர் என்ற ஏற்பாட்டின் வழியாகப் பொதுமக்களுக்கும் பயணிகளுக்கும் படகுகள் திறந்துவிடப்பட்டன. இந்த ஆண்டை நாம் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். கோயிலுக்குள் நுழையவும் பொதுக்கிணற்றில் நீர் எடுக்கவும் போராட்டங்கள் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், மலைமேல் ஓர் ஏரியின் மேற்பரப்பு பொதுமக்களுக்குச் சிறிதளவு திறந்தது. இது அரசியல் வரலாற்றில் இடம்பெறாத நிகழ்ச்சி. ஓய்வின் வரலாற்றில் முதன்மையான நிகழ்ச்சி.

விடுதலைக்குப்பின் அத்திறப்பு அகன்றது. பேருந்து வந்தது. 1971இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ஏரியில் தானும் படகு விட்டது. ஆசிரியர், எழுத்தர், ஆலைத் தொழிலாளி, சிறுகடை நடத்துவோர் ஆகியோரின் குடும்பங்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மலைக்குச் செல்வது இயல்பாயிற்று. கல்லூரிச் சுற்றுலா என்றால் நாம் மாணவர்களை அழைத்துச் செல்லும் முதல் இடங்களுள் ஒன்று அது. ஒரு காலத்தில் டோலி சுமந்தவரின் பேரப்பிள்ளைகள் இன்று படகில் அமர்ந்து துடுப்பைப் பிடிக்கக்கூடும். இதை நாம் சிறுமையாகக் கருதலாகாது. இலக்கிய அன்பர்களிடையே, கூட்டம் பெருகி மலையின் தூய்மை கெட்டுவிட்டது என்று முகம் சுளிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அது வேர்ட்ஸ்வொர்த்தின் பழைய அச்சம். அக்கூட்டத்தில் நாமும் ஒருவர் என்பதை அது மறந்துவிடுகிறது.

*

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஏரியின் மேற்பரப்பு நம்முடையதாயிற்று. ஏரி நம்முடையதாயிற்றா?

நாம் அந்த ஏரியை அடைந்தபோது, அதைப் படைத்தவர்களின் பார்வையையும் சேர்த்தே பெற்றுக்கொண்டோம். கரையில் நிற்கவும் நீரின்மேல் மிதக்கவும் கற்றோம். நீருக்கு அடியில் என்ன நிகழ்கிறது என்பது நம் அக்கறைக்கு உட்படவில்லை. குளிப்பதில்லை, குடிப்பதில்லை, பாய்ச்சுவதில்லை. காலையில் பனி விலகும்போது மேற்பரப்பு வெள்ளித் தகடாக மின்னினால் நமக்குப் போதும். நகரம் பெருகி அதன் கழிவு ஏரியை நாடியபோதும், நீர்க்களைகள் படர்ந்தபோதும், படகு செல்லத் தடையாகும் வரை அது எவருக்கும் உறுத்தவில்லை. உதகமண்டலத்து ஏரியின் கதை இதனினும் துயரமானது. சல்லிவன் காலத்து நீர்ப்பரப்பின் பெரும்பகுதி இன்று நிலமாகிவிட்டது. பந்தயத் திடலும் பேருந்து நிலையமும் நிற்பது அந்நாளைய ஏரியின்மேல். இரண்டு ஏரிகளும் தேசிய ஏரிப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்படும் நிலைக்கு வந்தன.

கண்ணுக்குத் தெரியாத மாசு என்பதற்குக் கொடைக்கானலே ஒரு பெரும் சான்றாயிற்று. 1980களில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து பாதரச வெப்பமானி ஆலை ஒன்று பெயர்த்துக் கொண்டுவரப்பட்டுப் பாம்பார்ச் சோலையின் விளிம்பில் நிறுவப்பட்டது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. 2001 மார்ச்சில், பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிக் கழிவு ஊரிலிருந்த பழைய பொருள் கிடங்கொன்றில் குவிந்துகிடந்ததை உள்ளூர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிப்படுத்தினர். ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. உடல்நலம் இழந்ததாக முறையிட்ட முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் 2016இல் உடன்பாடு ஏற்பட்டது. இடைப்பட்ட 15 ஆண்டுகள் அவர்கள் அலைந்த ஆண்டுகள்.

2006இல் வெளிவந்த ஓர் அறிவியல் ஆய்வு கொடைக்கானல் ஏரியின் நீரிலும் அடிப்படிவிலும் மீனிலும் பாதரசம் இருப்பதைக் காட்டியது. ஆலையிலிருந்து ஏரிக்கு நேரே ஓடை ஏதும் வரவேண்டிய தேவையில்லை. ஆவியாகிக் காற்றில் கலந்த பாதரசம் மழையோடு இறங்கப் போதும். ஆலை இயங்கிய அத்தனை ஆண்டுகளும் படகுகள் ஓடிக்கொண்டிருந்தன. சோளக்கதிர்கள் சுடப்பட்டன. புகைப்படங்கள் எடுக்கப்பட்டன. அப்படங்களில் ஏரி அழகாகவே இருக்கிறது.

பாதரசத்தை வெறும் உடம்பு அறியாது என்று இங்கே ஒருவர் சொல்லக்கூடும். வையையில் கலந்த கள்ளைப்போல அது மணப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் குடிக்கும் நீராகவோ பாயும் நீராகவோ இருந்திருந்தால், அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்பதற்கு ஓர் ஊர் இருந்திருக்கும். உடம்பு தொடும் நீரைப் பற்றி மனிதன் கேள்வி கேட்கிறான். காட்சியிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை.

இனி, நாம் இறங்காத அந்நீர் எங்கும் இறங்காமல் நின்றுவிடுவதும் இல்லை. மலைச்சாலையில் ஏறும்போது பயணிகள் வண்டியை நிறுத்திப் பார்க்கும் வெள்ளி நீர்வீழ்ச்சி, கொடைக்கானல் ஏரியிலிருந்து வழிந்துவரும் நீரே. வெப்பமானி ஆலையின் கீழே கிடந்த பாம்பார்ச் சோலையின் ஓடையோ பெரியகுளத்துக்கு அருகே கும்பக்கரை அருவியாக விழுகிறது. அங்கே மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து குளிக்கின்றனர், எண்ணெய் தேய்த்துக்கொள்கின்றனர், பாறையில் சறுக்கி விளையாடுகின்றனர். மேலே ஒரு வகை ஓய்வு, கீழே ஒரு வகை ஓய்வு. மேலே காட்சியாகப் பார்க்கப்படும் மலைநீர் கீழே உடம்பில் படுகிறது. பரிபாடலின் வையைக்கும் லெவிஞ்சின் ஏரிக்கும் இடையே நாம் இழுத்துப் பார்த்த கோட்டை மலைச்சரிவே நமக்கு வரைந்து காட்டிவிடுகிறது.

*

அண்மைய ஆண்டுகளில் இக்கதைக்கு மற்றோர் இயல் சேர்ந்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு இணையவழி அனுமதிச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டது. 2025இல், கோடைக்காலத்தில் நாளொன்றுக்கு வரும் வண்டிகளின் எண்ணிக்கைக்கும் நீதிமன்றம் வரம்பு விதித்தது. கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 என்பது அவ்வரம்பு. மலை தாங்கும் அளவை அறிய வேண்டும் என்ற அக்கறை இதன் பின்னால் உள்ளது, அது நியாயமானது. ஆனால் 1844இல் எழுந்த அதே கேள்வி இங்கும் நிழலாக நிற்கிறது. வரம்பு என்று வரும்போது முதலில் வெளியே நிற்க நேர்பவர் யார்? பேருந்தில் வரும் குடும்பமா, மலைச்சரிவில் பங்களா எழுப்பியவரா? வருவோரை எண்ணினால் மட்டும் போதாது. தங்கியிருக்கும் கட்டடங்களையும், அவை விடும் கழிவையும், அவை உறிஞ்சும் நீரையும் எண்ண வேண்டும்.

நாம் சொல்ல வருவது ஏரியை மூட வேண்டும் என்பதன்று. ஏரியில் இறங்கிக் குளிக்க வேண்டும் என்பதும் அன்று. உழைக்கும் மக்களுக்கு ஓய்வு என்பது நெடுங்காலம் மறுக்கப்பட்ட உரிமை. அவ்வுரிமை கைக்கு வந்து சில தலைமுறைகள்கூட ஆகவில்லை. ஒரு குழந்தை முதன்முதலாகத் துடுப்பு வலித்து, படகு தன் சொல்லைக் கேட்பதைக் கண்டு கூவும் மகிழ்ச்சிக்கு எந்த வரலாற்று ஆசிரியனும் குறுக்கே நிற்கலாகாது. நாம் கேட்பது, கண் மட்டும் கொண்டிருக்கும் உறவோடு இன்னோர் உறவையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்பதே. குடிமராமத்து என்ற சொல்லில் கட்டாய உழைப்பின் கறை உண்டு. அதைக் கழுவி எடுத்தால் அடியில் ஒரு நல்ல பொருள் கிடைக்கும்: ஒரு நீர்நிலையால் பயன்பெறுவோர் அதன் நிலையை அறிந்திருக்கவும் அதற்குப் பொறுப்பேற்கவும் வேண்டும். கொடைக்கானல் ஏரிக்கு ஆயக்கட்டு இல்லை என்றோம். அங்கே படகேறும் நாமே அதன் ஆயக்கட்டு என்று கொண்டால் என்ன?

அதற்குப் பெரிய திட்டங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. படகுத்துறையில் கட்டணப் பலகை ஒன்று இருக்கிறது. துடுப்புப் படகுக்கு இவ்வளவு, மிதிபடகுக்கு இவ்வளவு என்று அதைப் படித்துவிட்டே நாம் சீட்டு வாங்குகிறோம். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பலகை வைக்கலாம். இந்த மாதம் ஏரிநீரைச் சோதித்ததில் கண்டது என்ன, மீனில் பாதரசம் எவ்வளவு, ஊரின் கழிவுநீரில் எவ்வளவு சுத்திகரிக்கப்பட்டது, வழிந்த நீர் வெள்ளி அருவிக்கு எந்நிலையில் சென்றது என்று நான்கு வரி தமிழில் எழுதி வைத்தால் போதும். வரிசையில் நிற்கும் நேரத்தில் யாரேனும் அதைப் படிப்பார்கள். படித்தவர்களில் சிலராவது கேள்வி கேட்பார்கள்.